ஓட்டுப் பெட்டிக்கு முன்பே முடிவாகிவிடுகிறதா? அதிபர் வேட்பாளர் தேர்வும் டிவி கேமராவும்

காசிமேட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.10

2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது எங்கள் தெரு அக்கா ஒருவர் சுயேச்சையாக நின்றார். தண்ணீர் லாரி வராத நாளில் நாங்கள் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். நான் அவருக்கு பூத் ஏஜென்ட். ஒரு நாள் சாயங்காலம் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போகும்போது உள்ளூர் யூடியூப் சேனல்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவர் மைக்கை வெளியே எடுத்தார், எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நாங்கள் மொத்தம் ஆறு பேர். "இவ்வளவுதானா கூட்டம்?" என்று கேட்டுவிட்டு மைக்கை மறுபடியும் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கேமராவை ஆன் செய்யவே இல்லை.

அன்று ராத்திரி வந்த வீடியோவின் தலைப்பு "நம்ம வார்டில் மும்முனைப் போட்டி". மூன்று முகங்கள். எங்கள் வார்டில் நின்றவர்கள் பதினொரு பேர்.

மறுநாள் வீடு வீடாகப் போனபோது ஒரு பாட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ நல்லவதாம்மா. ஆனா உனக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடுமே." அந்தப் பாட்டி வீடியோவைப் பார்த்தாரா, பார்த்த பேரன் சொன்னானா தெரியாது. ஆனால் முந்தின வாரம் வரை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அமெரிக்காவில் கட்சிகள் அதிபர் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2024-இல் கமலா ஹாரிஸ் பெயர் டீக்கடை வரைக்கும் வந்தபோது ஆரம்பித்த ஆசை. படிக்கப் படிக்க எங்கள் வார்டுதான் ஞாபகம் வருகிறது.

2015 ஆகஸ்ட் 6. குடியரசுக் கட்சியின் முதல் விவாதம், கிளீவ்லேண்டில். களத்தில் பதினேழு பேர். ஒளிபரப்பிய ஃபாக்ஸ் நியூஸ் ஒரு விதி வைத்தது: ஐந்து தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரியில் முதல் பத்து இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் ராத்திரி மேடை. மற்ற ஏழு பேருக்குச் சாயங்காலமே ஒரு தனி நிகழ்ச்சி, கிட்டத்தட்ட காலி அரங்கில். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் மாநிலம் மாநிலமாக ஓட்டெடுப்பு நடக்கும்; இன்னும் ஒரு மாநிலத்தில்கூட ஒருத்தரும் ஓட்டுப் போடவில்லை. முதல் வாக்குப்பதிவுக்கு ஆறு மாதம் இருக்கிறது. அந்த நேரத்தில் கருத்துக்கணிப்பில் மக்கள் சொல்வது என்ன? கேள்விப்பட்ட பெயரைச் சொல்வார்கள். பெயரைக் கேள்விப்பட வைப்பது எது? டிவி. டிவியில் வந்தால் கணிப்பில் பெயர் வரும், கணிப்பில் வந்தால் டிவியில் இடம். இந்த வளையத்துக்குள் நுழைய வாசல் எங்கே இருக்கிறது?

என் வாதம் இதுதான்: அநியாயம் ஓட்டு எண்ணும் இடத்தில் நடப்பதைவிட, "யார் போட்டியில் இருக்கிறார்" என்று பெயர் படிக்கும் இடத்தில்தான் அதிகம் நடக்கிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கொத்தளம் டீச்சர்
ஞாயிறு, இரவு 9.52

தம்பி, நல்ல இழை. ஆனால் முன்கதை இல்லாமல் பேசினால் டிவிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று ஆகிவிடும். முப்பத்தொரு வருஷம் சமூக அறிவியல் பாடம் எடுத்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டிவிக்கு இந்த அதிகாரம் வருவதற்கு முன்னால் அது யாரிடம் இருந்தது? கட்சிப் பெரிய மனிதர்களிடம். 1968-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருக்கிறது. போரை எதிர்த்து யூஜீன் மெக்கார்த்தி ஊர் ஊராகப் போய் ஜனநாயகக் கட்சியின் பிரைமரிகளில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களில் நடக்கும் ஓட்டெடுப்புகளில், ஓட்டுக் கேட்கிறார். அப்புறம் ராபர்ட் கென்னடி வருகிறார், ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் ஜெயித்த ராத்திரியே சுடப்படுகிறார். கடைசியில் சிகாகோ மாநாட்டில் வேட்பாளர் ஆனது யார்? துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. ஒரு பிரைமரியில்கூட அவர் போட்டியிடவில்லை. மாநாட்டில் ஓட்டுப் போட்டு வேட்பாளரை முடிவு செய்வது மாநிலங்களின் பிரதிநிதிகள். அன்றைக்குப் பெரும்பாலான பிரதிநிதிகளை மாநிலக் கட்சித் தலைவர்களே அனுப்பினார்கள், அவர்கள் கை காட்டியவர் ஜெயித்தார். மாநாட்டுக்கு வெளியே போலீஸ் இளைஞர்களை அடித்தது வீட்டு டிவியில் ஓடியது.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழு வந்தது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதில் சாதாரண உறுப்பினருக்கும் பங்கு வேண்டும் என்றது. 1972-லிருந்து பிரைமரிகள் பெருகின. மூடிய அறையிலிருந்து ஓட்டுச்சாவடிக்கு வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் ஐம்பது மாநிலத்து ஜனங்களுக்கு, பத்துப் பதினைந்து வேட்பாளரில் யார் எப்படிப்பட்டவர் என்று யார் சொல்வது? அதுவரை அந்த வேலையைச் செய்தது கட்சிக்காரர்கள். அவர்களை நகர்த்திவிட்டதும் அந்த நாற்காலியில் பத்திரிகைக்காரர் வந்து உட்கார்ந்தார். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 1968-க்குத் திரும்பிப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பெரம்பூர் லோகோ
ஞாயிறு, இரவு 10.15

டீச்சர், நான் கொஞ்சம் அந்தப் பக்கம் நின்று பேசுகிறேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த காலத்தில் யூனியன் தேர்தல் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச்சில் கெட்டிக்காரன் ஒருத்தன், வேலையில் கெட்டிக்காரன் ஒருத்தன். மேடையில் கேட்பவனுக்கு முதல் ஆளைத்தான் தெரியும். கூடவே ஷிஃப்ட் பார்த்தவனுக்குத்தான் இரண்டாவது ஆளைத் தெரியும். நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது எவன் கை நடுங்காமல் இருப்பான் என்று கூட இருந்தவன் சொல்வதற்கு மதிப்பு இல்லையா?

1984 தேர்தலிலிருந்து ஜனநாயகக் கட்சி சூப்பர் டெலிகேட் என்று ஒரு ஏற்பாடு வைத்தது இதற்காகத்தான். எம்.பி.க்கள், கவர்னர்கள், கட்சிக் குழு உறுப்பினர்கள், இவர்களுக்கு மாநாட்டில் பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத தனி ஓட்டு. 1972-இல் மெக்கவர்ன் பிரைமரி வழியாக வேட்பாளர் ஆகிப் பொதுத் தேர்தலில் ஐம்பது மாநிலத்தில் நாற்பத்தொன்பதைத் தோற்றார். அந்தக் காயம் கட்சிக்கு இருந்தது.

நம் ஊரிலும் விருப்ப மனு வாங்குகிறார்கள், நேர்காணல் வைக்கிறார்கள், கடைசியில் தலைமை ஒரு பட்டியல் விடுகிறது. அதில் குறை ஆயிரம். ஆனால் கட்சிக்கு உழைத்தவனைக் கட்சிக்காரன் எடைபோடுவது தன்னளவில் அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

காசிமேட்டுக்காரன்
ஞாயிறு, இரவு 10.40

லோகோ அண்ணே, எடை போடட்டும். ஆனால் தராசை வெளியே வைக்கவேண்டும். 2016-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் பெர்னி சாண்டர்ஸ் சுமார் 60 சதவீதம் வாங்கி ஜெயித்தார், ஹிலாரி கிளின்டனுக்கு 38. ஓட்டு வழியாக வந்த பிரதிநிதிகள் சாண்டர்ஸுக்கு 15, ஹிலாரிக்கு 9. ஆனால் அங்கிருந்த ஆறு சூப்பர் டெலிகேட்கள் ஹிலாரியை ஆதரிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதையும் கூட்டிப் போட்டால் 15-15. இருபது சதவீதத்துக்கு மேல் ஜெயித்தவன் சமன் என்று ஆகிறது. அந்த ஆறு பேர் ஜூலை மாநாட்டில்தான் ஓட்டுப் போடவேண்டும், அதுவரை மனம் மாறலாம். ஆனால் டிவியின் கணக்குப் பலகையில் பல இடங்களில் அவர்கள் பிப்ரவரியிலேயே ஓட்டுப் போட்டுவிட்டதுபோலச் சேர்த்துக் காட்டினார்கள்.

இன்னொன்று எனக்கு ஆறவே இல்லை. ஜூன் 6 ராத்திரி அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், சூப்பர் டெலிகேட்களைத் தனித்தனியாகக் கேட்டு எண்ணி, ஹிலாரிக்குத் தேவையான எண்ணிக்கை வந்துவிட்டது என்று அறிவித்தது. மறுநாள் காலையில் கலிஃபோர்னியா உட்பட ஆறு மாநிலங்களில் வாக்குப்பதிவு. எங்கள் பாட்டி சொன்ன வார்த்தையை அங்கே எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்?

நம் நாட்டில் எல்லாக் கட்ட வாக்குப்பதிவும் முடியும்வரை எக்ஸிட் போல் வெளியிடக்கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே, 126ஏ பிரிவில், தடை இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் நாம் அவர்களைவிட வாக்காளரை மதித்திருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

வியாசர்பாடி கோல்கீப்பர்
ஞாயிறு, இரவு 11.05

அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் அதே 2016 கணக்கை முழுசாகச் சொல்லவேண்டும். மொத்த ஓட்டில் ஹிலாரி சாண்டர்ஸைவிட 35 லட்சத்துக்கும் மேல் அதிகம் வாங்கினார். கலிஃபோர்னியாவிலும் அவர்தான் ஜெயித்தார். சூப்பர் டெலிகேட் என்று ஒருவர்கூட இல்லாமல் இருந்தாலும் ஓட்டு வழியாக வந்த பிரதிநிதிகளில் அவருக்குத்தான் முன்னிலை. அறிவித்த நேரம் தப்பு என்று நானும் சொல்வேன். முடிவையே திருடிவிட்டார்கள் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மீடியா நினைத்தால் யாரையும் தூக்கும், யாரையும் கவிழ்க்கும் என்பதும் சரியில்லை. 2020-இல் ஜனநாயகக் கட்சியில் நின்ற கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் தன் சொந்தப் பணத்தில் நூறு கோடி டாலரை விளம்பரத்திலும் ஆட்களிலும் கொட்டினார். ஜெயித்தது அமெரிக்கன் சமோவா என்ற தீவுப் பகுதியை மட்டும். குடியரசுக் கட்சியில் நின்ற ஜெப் புஷ்ஷை ஆதரித்த குழு 2015-இல் பத்துக் கோடி டாலருக்கு மேல் திரட்டியது, கடைசியில் அவருக்குக் கிடைத்த பிரதிநிதிகள் நான்கு பேர். அதே 2020-இல் பைடன், முதல் ஓட்டெடுப்பு நடந்த அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. கதை முடிந்தது என்று எழுதாத ஆளில்லை. சவுத் கரோலினாவில் கறுப்பின வாக்காளர்கள் பிப்ரவரி 29 அன்று அவரை ஜெயிக்க வைத்தார்கள். மூன்றே நாளில், பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடும் சூப்பர் செவ்வாய், எல்லாம் தலைகீழ்.

ஜனங்களை அவ்வளவு லேசாக எடைபோடாதீர்கள்.

எண்ணூர் அலை
திங்கள், காலை 6.30

ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் பழகியவள், காலையில்தான் படித்தேன். ஆறு வருஷம் ஒரு செய்தி சேனலில் டெஸ்க்கில் இருந்தேன், பெயர் வேண்டாம். உள்ளே எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். சதி என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அதைவிடச் சாதாரணமான காரணம்தான்.

தேர்தல் நேரத்தில் எங்களிடம் நேரலை அனுப்பும் ஓபி வேன் இத்தனைதான் என்று கணக்கு. ரிப்போர்ட்டர் இத்தனை பேர். பதினோரு வேட்பாளர் இருந்தால் பதினோரு பேருக்கும் அனுப்ப முடியாது. அப்போது எங்கே அனுப்புவோம்? கூட்டம் இருக்கும் இடத்துக்கு, இல்லாவிட்டால் சண்டை வரக்கூடிய இடத்துக்கு. ஒரு வேட்பாளரின் குடிநீர்த் திட்டம் நடக்குமா என்று பார்க்கவேண்டும் என்றால் ஒரு ஆள் இரண்டு நாள் உட்கார்ந்து படிக்கவேண்டும். யார் முன்னிலை, யார் பின்னடைவு என்றால் ஐந்து நிமிஷத்தில் ஸ்க்ரோல் ஓட்டிவிடலாம். திரையில் இரண்டு பெட்டி போட்டால் விவாதம் களைகட்டும். ஐந்து பெட்டி போட்டால் சத்தம்தான் வரும், ஆள் சேனலை மாற்றிவிடுவார். எங்களுக்கு வியாழக்கிழமை டிஆர்பி வரும்.

அமெரிக்காவில் இது எந்த அளவுக்குப் போனது என்றால், 2016 மார்ச் 15 அன்று ஃபீனிக்ஸில் சாண்டர்ஸ் பேசிக்கொண்டிருக்கிறார். மூன்று பெரிய கேபிள் செய்தி சேனல்களும் அதைக் காட்டவில்லை. டிரம்ப் வந்து பேசப்போகிறார் என்று காத்திருந்தார்கள். ஒருவர் பேசும்போது அதைக் காட்டாமல், இன்னும் பேச வராத ஒருவருக்காகக் காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய முடிவு, யோசியுங்கள். அந்த மாதமே நியூயார்க் டைம்ஸ் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. காசு கொடுத்து விளம்பரமாக வாங்கியிருந்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டால், டிரம்புக்கு இலவசமாகக் கிடைத்த செய்தி வெளிச்சம் கிட்டத்தட்ட 200 கோடி டாலர். களத்தில் இருந்த வேறு யாரும் பக்கத்தில்கூட இல்லை. அவரைத் திட்டி வந்த செய்தியும் அதில் சேர்த்திதான். பெயர் காதில் விழுந்துகொண்டே இருந்தது அல்லவா.

சிபிஎஸ் நிறுவனத் தலைவர் லெஸ் மூன்வெஸ் அந்த வருஷம் பிப்ரவரியில் முதலீட்டாளர் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னார்: அமெரிக்காவுக்கு இது நல்லதாக இல்லாமல் இருக்கலாம், சிபிஎஸ்ஸுக்கு ரொம்ப நல்லது என்று. அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் டெஸ்க்கில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அதன்படிதான் எல்லோரும் நடந்துகொண்டோம், நான் உட்பட.

காசிமேட்டு அண்ணா, உங்கள் அக்காவைப் படமெடுக்காமல் போன அந்தப் பையன் ஒருவேளை அன்றைக்கு ஐந்து இடத்துக்குப் போகவேண்டியிருந்திருக்கும். அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

எம்கேபி நகர் மைக்செட்
திங்கள், பகல் 1.20

எனக்கு அரசியல் அவ்வளவாகத் தெரியாது. இருபது வருஷமாக மைக்செட் வாடகைக்கு விடுகிறேன். நீங்கள் எல்லோரும் கேமராவைப் பற்றியே பேசுகிறீர்கள், மைக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஹோவர்ட் டீன் என்று ஒருவர். 2004-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆகப்போகிறார் என்று பேசப்பட்டவர். ஜனவரி 19 அன்று அயோவாவில் மூன்றாவது இடம். ராத்திரி தொண்டர்களுக்கு உற்சாகம் ஊட்ட மேடையேறி, அடுத்து எந்தெந்த மாநிலத்துக்குப் போவோம் என்று வரிசையாகக் கத்திச் சொல்லி, கடைசியில் ஒரு கூச்சல் போட்டார். அந்தக் கூச்சலை மட்டும் வெட்டி நாலைந்து நாள் டிவியில் நூற்றுக்கணக்கான தடவை போட்டார்கள். பைத்தியக்காரன் மாதிரி கத்துகிறார், இவரா அதிபர் என்று பேச்சானது. அதோடு அவர் சரிந்தார்.

நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். பார்த்த உடனே என் தொழில் புத்தி வேறு மாதிரி போனது. அவர் கையில் இருந்தது வாய்க்கு முன்னால் வரும் சத்தத்தை மட்டும் எடுக்கும் மைக். மேடையில் நிற்கிறவருக்கு அதைத்தான் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் கூட்டத்து இரைச்சல் புகுந்து ஸ்பீக்கர் கூவும். அந்த மைக்கிலிருந்து டிவிக்கு நேராக லைன் போயிருக்கிறது. அதனால் வீட்டில் கேட்டவனுக்கு அமைதியான இடத்தில் ஒரு ஆள் தனியாகக் கத்துவதுபோல இருந்தது. அந்த அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் நின்று எடுத்த வேறு வீடியோவில் அவர் குரலே சரியாகக் கேட்காது. கூட்டத்துக்கு மேல் குரல் போகவேண்டும் என்று எந்தப் பேச்சாளரும் செய்வதைத்தான் அவர் செய்திருக்கிறார். எங்கள் பக்கம் பொதுக்கூட்டத்தில் தினம் நடப்பது அது. லைவ் போடுகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன், கூட்டத்தைப் பார்த்து இன்னொரு மைக் வையுங்கள், இரண்டையும் கலந்து அனுப்புங்கள் என்று. பாதிப் பேர் கேட்பதில்லை.

டிவியில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? தெரியும். ஒளிபரப்பி முடித்துப் பல நாள் கழித்துச் சில சேனல்களே அதை எடுத்துச் சொன்னார்கள். அப்போது காரியம் முடிந்திருந்தது.

மூலக்கொத்தளம் டீச்சர்
திங்கள், பகல் 2.05

தம்பி, இந்த இழையிலேயே இதுதான் நல்ல பதிவு. மைக் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது, உங்களுக்குப் பிடிக்கும்.

1980 பிப்ரவரி, நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவா என்ற ஊர். அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்று குடியரசுக் கட்சிப் போட்டியில் இருந்த ரீகனையும் ஜார்ஜ் புஷ்ஷையும் மட்டும் அழைத்து விவாதம் ஏற்பாடு செய்தது. இன்னும் பல வேட்பாளர்கள் இருந்தார்கள். இருவரை மட்டும் மேடையேற்ற ஒரு பத்திரிகை செலவு செய்தால் அது அந்த இருவருக்குக் கொடுத்த சட்டவிரோத நன்கொடை ஆகும் என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. சரி என்று ரீகன் தரப்பே செலவை ஏற்றது. கூடவே மற்ற வேட்பாளர்களில் நால்வரையும் வரச்சொன்னது. அவர்களுக்கு நாற்காலிகூட இல்லை, பின்னால் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று ரீகன் பேச ஆரம்பித்ததும், விவாதத்தை நடத்திய பத்திரிகை ஆசிரியர் மைக்கை அணைக்கச் சொன்னார். "இந்த மைக்குக்குக் காசு கொடுப்பவன் நான்" என்று ரீகன் அதட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மூன்று நாள் கழித்து அந்த மாநிலத்தில் ரீகன் பெரிதாக ஜெயித்தார்.

பாதியைச் சொன்னால் நன்றாக இருக்கும். மீதியையும் சொல்லவேண்டும். அந்த நால்வரும் கடைசிவரை விவாதத்தில் பேசவில்லை, மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். நியாயம் கேட்டவருக்குப் பெயர் கிடைத்தது. யாருக்காக நியாயம் கேட்டாரோ அவர்களுக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

காசிமேட்டுக்காரன்
திங்கள், இரவு 8.45

டீச்சர், அந்த நால்வர் நின்ற காட்சி கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கோல்கீப்பர் தம்பிக்கு: நீ சொன்ன எண்களை மறுக்கவில்லை. ஆனால் எண் ஒன்றாகவே இருந்தாலும் அதற்கு வைக்கும் பெயர் மாறுகிறதே, அதைப் பார். 1972 நியூ ஹாம்ப்ஷயரில், ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் எட் மஸ்கி 46 சதவீதம், மெக்கவர்ன் 37. ஜெயித்தது மஸ்கி. ஆனால் பக்கத்து மாநிலத்துக்காரரான அவர் பாதிக்கு மேல் வாங்கியிருக்கவேண்டும் என்று பத்திரிகைகள் முன்னாடியே ஒரு கோடு போட்டு வைத்திருந்தன. அதனால் ஜெயித்தவர் தோற்றவர் ஆனார், தோற்றவர் வேட்பாளர் ஆனார். இருபது வருஷம் கழித்து 1992-இல் அதே மாநிலத்தில் பில் கிளின்டன் 25 சதவீதம்தான். முதலில் வந்த பால் சாங்கஸ் 33. கிளின்டன் அன்று ராத்திரி சீக்கிரமே மேடையேறி, நான் மீண்டு வந்துவிட்டேன் என்று அறிவித்தார். டிவியும் அதையே பிடித்துக்கொண்டது. எட்டுப் புள்ளி பின்னால் இருந்தவருக்கு வெற்றி மாலை. சாங்கஸ் என்ற பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

2012 அயோவாவும் அப்படித்தான். குடியரசுக் கட்சியில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்தார் என்று முதல் ராத்திரி செய்தி. இரண்டு வாரம் கழித்து முறைப்படி எண்ணினால் எதிர்த்து நின்ற சான்டோரம் 34 ஓட்டு முன்னால். அதற்குள் அடுத்த மாநிலம் முடிந்து, ராம்னி அங்கேயும் ஜெயித்து, இரண்டுக்கு இரண்டு என்று செய்தி வந்து, நன்கொடை எல்லாம் ஒரு பக்கம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வாரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

தண்டையார்பேட்டை வாசகி
திங்கள், இரவு 9.30

எல்லாம் சரி, கமலா ஹாரிஸ் விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்களே. துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். கமலாவின் அம்மா சியாமளா சென்னையில் பிறந்தவர், தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் மன்னார்குடிப் பக்கம். ஆனால் நியாயம் என்று பேசும்போது சொந்தத்தை ஓரமாக வைக்கவேண்டும். 2024-இல் பிரைமரிகளில் ஒன்றரைக் கோடிப் பேர் பக்கம் பைடனுக்கு ஓட்டுப் போட்டார்கள். ஃபுளோரிடாவில் அவர் பெயரை மட்டும் கட்சி அனுப்பியதால் அங்கே ஜனநாயகக் கட்சியில் பிரைமரியே நடக்கவில்லை. ஜூன் 27 விவாதத்தில் அவர் தடுமாறியதும், மறுநாளே விலகச் சொல்லி நியூயார்க் டைம்ஸ் தலையங்கம். ஜூலை 21 விலகினார். அடுத்த நாள் ராத்திரிக்குள் கமலாவுக்குத் தேவையான பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழி வாக்கெடுப்பு, முடிந்தது. பிரைமரியில் அதிபர் வேட்பாளராக அவரை வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

பெரம்பூர் லோகோ
திங்கள், இரவு 9.55

விதிப்படி நடந்தது அம்மா. பிரைமரியில் மக்கள் தேர்ந்தெடுப்பது பிரதிநிதிகளை. ஆதரித்தவர் விலகினால் அவர்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஒரு மாதத்தில் ஐம்பது மாநிலத்தில் மறுபடி தேர்தல் நடத்த முடியாது. வேறு யாரும் எதிர்த்து நிற்கவும் இல்லை.

மூலக்கொத்தளம் டீச்சர்
திங்கள், இரவு 10.10

விதிப்படி என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வலிப்பது அதற்கு முந்தைய பகுதி. பைடனின் வயது ஜூன் 27 அன்று திடீரென்று கூடவில்லை. முந்தைய ஒரு வருஷமும் அதைப் பற்றித் துருவிக் கேட்டிருந்தால், பிரைமரியில் உண்மையான போட்டி இருந்திருக்கும். கமலாவே அதில் நின்று ஜெயித்திருக்கலாம், அந்தப் பலத்தோடு வந்திருக்கலாம். கட்சி வாசலை மூடியது, பத்திரிகைகளில் பெரும்பாலானவை மூடிய வாசலைத் தட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அதனால் நஷ்டம்தான் என்பது என் கருத்து.

கமலாவே முந்தைய வேட்பாளர் போட்டியில் நின்று, 2019 டிசம்பரில், ஒரு மாநிலமும் ஓட்டுப் போடும் முன்பே, பணம் இல்லை என்று விலகியவர் என்பதையும் மறக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை வாசகி
திங்கள், இரவு 10.22

இதை இப்படி நான் யோசிக்கவில்லை டீச்சர். நன்றி.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் மட்டும் என்ன வாழ்கிறது என்றும் கேட்கத் தோன்றுகிறது. 2002-இல் அப்துல் கலாம், கேப்டன் லட்சுமி இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் ராமேஸ்வரம், ஒருவர் சென்னையில் பிறந்தவர். நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவை நடத்தியவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார் என்பதே என் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

மூலக்கொத்தளம் டீச்சர்
திங்கள், இரவு 10.40

அங்கே நமக்கு நேரடி ஓட்டு இல்லை, அதனால் முறையே வேறு. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடும் ஓட்டு. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. ராயபுரம் எம்.எல்.ஏ.வுக்கும் அதுதான், ஆர்.கே. நகருக்கும் அதுதான். மனு போடவே 50 பேர் முன்மொழியவேண்டும், 50 பேர் வழிமொழியவேண்டும். அந்த நூறு பேரும் வாக்காளர் பட்டியலில் உள்ள எம்.பி., எம்.எல்.ஏ.க்களாக இருக்கவேண்டும். 15,000 ரூபாய் டெபாசிட். ஆக பெரிய கட்சிகளின் ஆதரவு இல்லாமல் யாரும் உள்ளே வர முடியாது. 2012-இல் கலாம் மறுபடி வரவேண்டும் என்று இணையத்தில் எவ்வளவு பேர் எழுதினார்கள். போதிய ஆதரவு கட்சிகளிடம் திரளவில்லை, அவரே நிற்க மறுத்துவிட்டார். கேமராவும் ஜனங்களும் ஒரு பக்கம் நின்றாலும் வாசல் திறக்காத இடம் அது.

வியாசர்பாடி கோல்கீப்பர்
செவ்வாய், காலை 7.15

அப்படியென்றால் என்னதான் செய்வது? குறையையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் படித்ததில் பிடித்தது ஒன்று. 2019 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதம் மயாமியில். இருபது பேரை இரண்டு ராத்திரியாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு ராத்திரியும் பத்துப் பேர். முன்னணி ஆட்கள் ஒரே ராத்திரியில் குவிந்துவிடாதபடி இரு நாளுக்கும் பங்கிட்டுக் குலுக்கிப் போட்டார்கள். 2015-இல் ஃபாக்ஸ் பிரித்ததுபோல குழந்தைகள் மேசை, பெரியவர்கள் மேசை என்று இல்லை. 2016 சண்டைக்குப் பிறகு சூப்பர் டெலிகேட் விதியையும் 2018-இல் மாற்றினார்கள். முடிவு இழுபறியாக இருந்தால் முதல் சுற்றில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆக, கத்தினால் காது கேட்கிறது.

எண்ணூர் அலை
செவ்வாய், காலை 7.50

கேட்கிறது தம்பி, ஆனால் அதிலும் ஓட்டை. அந்த மேடைக்கு வர ஒரு வழி 65,000 பேரிடம் நன்கொடை வாங்கியிருக்கவேண்டும் என்பது. ஒரு டாலர் போதும். ஆனால் அந்த ஒரு டாலர்காரனைத் தேடிப் பிடிக்க ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு அதைவிடப் பல மடங்கு கொட்டினார்கள். அப்புறம் 2020 ஜனவரி கடைசியில் நன்கொடையாளர் விதியைக் கட்சி எடுத்துவிட்டது. அதனால் நன்கொடையே வாங்காத புளூம்பெர்க் மேடைக்கு வர முடிந்தது. அந்த விதியால் முன்பே வெளியே போனவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஒரு வேட்பாளருக்கு வானொலி, டிவியில் நேரம் கொடுத்தால் எதிராளிக்கும் சம நேரம் கொடுக்கவேண்டும் என்று 1934-லிருந்தே சட்டத்தில் உண்டு. 1959-இல் செய்திக்கும் பேட்டிக்கும் விலக்கு கொடுத்தார்கள், பின்னாளில் விவாதங்களையும் அந்த விலக்குக்குள் கொண்டுவந்தார்கள். பெயர் பரவுவது செய்தியிலும் விவாதத்திலும்தானே? மிச்சம் என்ன இருக்கிறது அந்தச் சட்டத்தில்?

டெஸ்க்கில் இருந்தவளாக நான் கேட்பது சின்ன விஷயம். "முக்கிய வேட்பாளர்கள்" என்று போடும்போது எந்த அளவுகோலில் முக்கியம் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

காசிமேட்டுக்காரன்
செவ்வாய், இரவு 9.20

அலை அக்கா, அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் எங்களுக்குப் போதும்.

இன்று சாயங்காலம் தெரு அக்காவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். நாஷுவாவில் நின்றுகொண்டிருந்த நால்வரைப் பற்றி இரண்டு தடவை கேட்டார். பெயர் கேட்டார், டோல், பேக்கர், ஆண்டர்சன், கிரேன் என்று சொன்னேன். "உட்காரக்கூட நாற்காலி போடலையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நான் நிற்கிறேனோ இல்லையோ, எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பேச வைக்கலாமா என்று கேட்டார். படிப்பகத்துக்கு முன்னால் இடம் இருக்கிறது. பதினொரு பேர் என்றால் ஆளுக்கு ஏழு நிமிஷம், சீட்டுக் குலுக்கி வரிசை. யாரையும் விடக்கூடாது. பெரிய கட்சிக்காரர்கள் வருவார்களா தெரியாது. வராவிட்டால் அவர்கள் பெயர் எழுதிய நாற்காலி காலியாக இருக்கட்டும்.

எம்கேபி நகர் மைக்செட்
செவ்வாய், இரவு 9.41

செட் நான் தருகிறேன், வாடகை வேண்டாம். ஸ்டேஷனில் பர்மிஷன் மட்டும் ஒரு வாரம் முன்னாடியே வாங்கிவிடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் போட முடியாது. கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் தனியாக வைப்பேன். எல்லோருக்கும் ஒரே மைக், ஒரே வால்யூம். நடுவில் யார் சொன்னாலும் அணைக்க மாட்டேன்.

மூலக்கொத்தளம் டீச்சர்
செவ்வாய், இரவு 9.50

ஏழு நிமிஷத்துக்கு மணி அடிக்க நான் வருகிறேன். பதினொரு நாற்காலிக்கு எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் சொல்லிவைக்கிறேன்.